பிந்தாத வெள்ளிக்கிழமை

"தங்கச்சி, என்ட மகன் ஜும்ஆவுக்குப் போறானில்ல."

காணாமற்போன பிள்ளையைத் தேடித் தரும்படி கேட்ட ஒரு தாயின் வாயிலிருந்து வெள்ளிக்கிழமைத் தொழுகையைப் பற்றி இப்படியொரு முறைப்பாடு வரும் என்று றுவைஸ் நினைக்கவில்லை. உட்துறைமுக வீதியில், வேப்பமர நிழலில் ஓட்டோவை நிறுத்திவிட்டுப் பிளேன்றீயை ஊதிக்கொண்டிருந்தவன், கோப்பையை வாயருகே பிடித்தபடி திரும்பினான். பின் சீற்றில் நிரோஜினி. அவள் மடியில் போன். போனின் ஸ்பீக்கரில், மூதூரிலிருந்து ஆமினா உம்மா.

"விளங்கேல்ல உம்மா. ஆர் போறேல்ல?" என்றாள் நிரோஜினி.

"ஸப்வான்தான், வேற ஆர்? போன வெள்ளி பாங்கு சொல்லுது, குத்பா நடக்குது, இவன்ட பச்சை லைற் எரிஞ்சிக்கிட்டே இரிக்கு. எங்க இரிந்தாலும் இரிக்கட்டும். ஜும்ஆவ உட்டுட்டு துவக்கால சுடுற கேம் வெளயாடுறானே! இண்டைக்கும் வெள்ளி. நீங்க அவனக் கண்டா முதல்ல அதத்தான் சொல்லணும்."

"கட்டாயம் சொல்லுறன். லைற் எந்த நேரத்தில எரியும் உம்மா?"

"விடிய ஒருக்கா, பகலைக்கு ஒருக்கா, ராவைக்கு ஒருக்கா. நான் திங்கிற நேரத்துக்குச் சரியா வருவான். சின்னனிலயே அப்பிடித்தான். சோத்துக் கோப்பையில கை வெக்கக்குள்ள வந்து நிப்பான்." கிழவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு றுவைஸ் மீதித் தேநீரை மரத்தடியில் ஊற்றினான்.

ஸப்வானுக்கு இருபத்துமூன்று வயது. துறைமுகத்தின் நீர்மட்டத்தை அளக்கும் ஓர் ஒப்பந்த வேலையில் இருந்தான். சீனக்குடாப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு பழைய இறங்குதுறை. அங்கே கடலுக்குள் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, காலை, மத்தியானம், பின்னேரம் என்று நீர்மட்டத்தை அனுப்ப வேண்டும். பக்கத்திலேயே ஓர் அறையில் தங்கியிருந்தான். பதினொரு நாளுக்கு முன், திங்கள் இரவு, தாயோடு போனில் வாக்குவாதம். கேமில் லெவல் ஏற்றுகிற நேரத்தில் ஒரு வக்துத் தொழுதால் என்ன என்று அவள் ஏசினாள். மறுநாளிலிருந்து அவனுடைய போன் வேலை செய்யவில்லை. ஆள் அறைக்கும் திரும்பவில்லை.

பொலிஸார் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அவர்களிடம் நியாயம் இருந்தது. அவன் அனுப்ப வேண்டிய நீர்மட்டம் ஒபிசுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதோடு, தாயின் போனிலும் அந்தக் கேமைப் போட்டுக்கொடுத்து, "என்ட பேருக்குப் பக்கத்தில பச்சை எரிஞ்சா நான் சுகமா இரிக்கன் எண்டு வெச்சிக்கங்க உம்மா" என்று மகன் பழக்கியிருந்தான். அந்தப் பச்சையும் எரிந்துகொண்டிருந்தது. அவனுடைய லெவலும் ஏறிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறான், விளையாடுகிறான். வீட்டோடு கோபம், தணிந்தால் வருவான். கதை முடிந்தது.

நிரோஜினிக்கு முடியவில்லை. பதினைந்து வருடம் காப்புறுதிக் கொம்பனியில் விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது றுவைஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகத் துப்புத் துலக்குபவள் அவள். விபத்து என்று வந்த பொய்களையும், பொய் என்று தள்ளப்பட்ட விபத்துகளையும் போதுமான அளவு பார்த்தவள். நேற்றுப் பின்னேரம் அவளும் றுவைஸும் அந்தச் சீனக்குடா இறங்குதுறையில் இருட்டும்வரை நின்றார்கள். அளவுகோலைப் பார்க்க ஒரு கொக்கைத் தவிர ஒருவரும் வரவில்லை.

"அக்கா, இந்தக் கேஸில மூண்டு லெவல் இருக்கு," என்றான் றுவைஸ். மௌனம் அவனுக்கு ஒத்துவராத சாமான். "கடல் லெவல், கேம் லெவல், உம்மாட உடம்பில சீனி லெவல். மூண்டுக்கும் ஒரே பேர். பேர் வைக்க ஆள் இல்லாம மிச்சம் பிடிச்சிருக்கிறாங்கள்."

"பேர் ஒண்டுதான். குணம் வேற," என்றாள் நிரோஜினி, சேலைத் தலைப்பைச் செருகியபடி இறங்கி. "கடல் தன்ர பாட்டில ஏறும், இறங்கும். அதுக்கு ஒருத்தரும் பொறுப்பில்ல. கேமில ஏற மட்டும்தான் தெரியும், இறங்கத் தெரியாது. உடம்பில இருக்கே, அது ஏறினாலும் கரைச்சல், இறங்கினா அதைவிடக் கரைச்சல்."

"என்ட சம்பள லெவலையும் ஒருக்கா சொல்லுங்களன்."

"அது அளவுகோலுக்குக் கீழ. வா."

ஒப்பந்த வேலையின் மேற்பார்வையாளர் ஞானசேகரம், மாடியில் ஓர் அறையில் துறைமுக வரைபடத்துக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்தார். கதிரைகளைக் காட்டினார். ஒன்றில் இருந்த வடச்சுருளை எடுத்து நிலத்தில் வைத்தார்.

"நேற்றுப் பின்னேரமும் ஸப்வான்ர லெவல் வந்ததோ சேர்?"

"வந்தது. வழமைபோல."

"அப்ப அந்தக் கொக்குத்தான் அனுப்பியிருக்குது," என்றான் றுவைஸ்.

ஞானசேகரத்துக்கு விளங்கவில்லை. நிரோஜினி விளக்கவும் இல்லை. "லெவல் எப்பிடி வரும்?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒபிஸ் போன் ஒண்டு குடுத்திருக்கிறம். பட்டன் போன். இறங்குதுறையில பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டுவினம். அதில மெசேஜ் வரும். நான் அடிச்சா எடுக்கிறானில்ல. வீட்டோட கோவம், என்னோடயும் கோவமாக்கும். எனக்கு லெவல் வந்தாச் சரி. கொழும்பில இருந்து கேக்கிறவை லெவலைத்தான் கேக்கினம், ஆளை இல்ல."

"மற்றக் கோலைப் பாக்கிறது ஆர்?"

"டிலான். பாலையூற்றுப் பொடியன். இந்த வீதி முடியிற இடத்தில, மரத்துறையில நிப்பான். ரெண்டும் உயிர்க் கூட்டாளியள். ரெண்டுபேரிட்டயும் ரெண்டு பெட்டித் திறப்பும் இருக்கு. வருத்தம் துன்பம் எண்டா ஒருத்தனுக்கு ஒருத்தன் பாப்பினம்."

"நேரத்துக்கு அனுப்புவினமோ?"

ஞானசேகரம் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அவருக்கு உற்சாகம் வந்தது. "அதை ஏன் கேக்கிறீங்கள் பிள்ளை! வெள்ளி மத்தியானம் ஸப்வான் பிந்துவான். பள்ளியால வந்துதான் லெவல். ஞாயிறு காலமை டிலான் பிந்துவான். சேர்ச்சில பூசை முடிஞ்சுதான் லெவல். நான் கத்திக் கத்திப் பாத்து விட்டிட்டன். கடவுள்மாரோட கொன்றாக்ற் சண்டை பிடிக்க எனக்கு ஏலாது."

"போன வெள்ளியும் பிந்தித்தானோ?"

"போன வெள்ளியோ?" அவர் யோசித்தார். "இல்ல. ரெண்டும் நேரத்துக்கு வந்தது. அப்பாடா, பொடியன் திருந்திட்டான் எண்டு நினைச்சனான்."

"ஞாயிறு?"

"ஞாயிறு..." அவர் வாய் திறந்தபடி நின்றது. மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முனகியது. "ஞாயிறு ரெண்டும் பிந்தினது," என்றார் மெதுவாக.

நிரோஜினி எழுந்தாள். படியில் இறங்கும்போது றுவைஸ்தான் சொன்னான். "ஸப்வான் பூசைக்குப் போகத் தொடங்கிட்டான் எண்டா உம்மாட்ட நான் சொல்ல மாட்டன். நீங்களே சொல்லுங்க."

டிலான் மரத்துறையின் நுனியில், தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு இருந்தான். கீழே அளவுகோல், சிவப்பும் வெள்ளையுமாக. அலை அதன் இடுப்பில் ஏறி வழுக்கியது. இவர்களைக் கண்டதும் தன் ஒபிஸ் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். இரண்டு நாளுக்கு முன் ஒரு தரம் கதைத்திருந்தார்கள். அப்போதும் இப்படித்தான், கண்ணைப் பார்க்காமல் கதைத்தான்.

"டிலான், உன்ர கூட்டாளியிட்ட இருந்து ஏதும் கதை வந்ததோ?"

"இல்ல அக்கா. ஆனா லைற் எரியுதாம். உம்மா நேற்றும் போன் எடுத்துச் சொன்னவா."

"அப்பிடியோ." நிரோஜினி கைப்பையிலிருந்து போனை எடுத்து ஞானசேகரத்துக்கு அடித்தாள். "சேர், இப்ப ஸப்வான்ர ஒபிஸ் போனுக்கு ஒருக்கா அடிச்சு விடுங்கோ," என்றாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். றுவைஸும் பார்த்தான். மூதூர்ப் பக்கம் போகும் படகொன்று வளைகுடாவைக் கிழித்துக்கொண்டு போனது.

டிலானின் காற்சட்டைப் பையிலிருந்து பட்டன் போன் ஒன்று அலறத் தொடங்கியது.

அவன் அதை எடுக்கவில்லை. ஓடவும் இல்லை. போன் தானாக ஓயும்வரை மூவரும் நின்றார்கள்.

"உன்ர போன் கையில இருக்கு," என்றான் றுவைஸ். "அப்ப இது பையில முட்டை போட்டதாக்கும்."

"பேசாம இரு றுவைஸ்," என்றாள் நிரோஜினி.

டிலான் மரப்பலகையில் அப்படியே குந்திவிட்டான். "அவன்ர வேலை போயிடும் அக்கா. ஒரு நாள் லெவல் வராட்டி அடுத்த நாள் வேற ஆளைப் போட்டிடுவினம். அவன் வந்து நிண்டா என்ன சொல்லுறது? அதுதான் நான் என்ர கோலைப் பாத்து, அதில கொஞ்சம் கூட்டிக் குறைச்சு, அவன்ர பேரிலயும் அனுப்பினனான். ஒரே தண்ணிதானே."

"எப்ப தொடங்கினது?"

"செவ்வாய் பின்னேரம். அவன்ர போன் வேலை செய்யேல்ல எண்டு சீனக்குடாவுக்குப் போனனான். சைக்கிள் நிக்குது. பெட்டி பூட்டிக் கிடக்குது, என்ர திறப்பால திறந்துதான் இந்தப் போனை எடுத்தனான். ஆள் இல்ல." அவன் நிறுத்தினான்.

"இன்னும் என்ன நிண்டது?"

டிலான் தன் புத்தகப் பையை இழுத்து, உள்ளே கையை விட்டான். ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு. நீலப் பட்டி. ஒன்றின் குதியில் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. "இறங்குதுறை விளிம்பில இருந்தது. பக்கத்துப் பக்கத்தில, ஒழுங்கா. கோலில சிப்பியும் பாசியும் பிடிச்சா இலக்கம் தெரியாது. கழட்டி வைச்சிட்டு இறங்கிச் சுரண்டுவம். சுரண்டுற கத்தியையும் காணேல்ல. அண்டைக்கு வாடைக் காத்து."

றுவைஸ் விளிம்புக்குப் போய், கீழே அளவுகோலைப் பிடித்திருந்த பாசியைப் பார்த்தான்.

"இதை ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல?" நிரோஜினியின் குரல் உயரவில்லை.

"சொல்லத்தான் அடுத்த நாள் காலமை பொலிசுக்கு வெளிக்கிட்டனான். வாசல்ல நிக்கேக்க உம்மா போன் எடுத்தவா. 'மகன், லைற் எரியுது, ஸப்வான் இரிக்கான்' எண்டு அழுதழுது சிரிக்கிறா. ஆள் உயிரோட இருக்கேக்க செருப்பக் கொண்டுபோய் என்னெண்டு குடுக்கிறது அக்கா? வேற சோடி வாங்கியிருப்பான் எண்டு நினைச்சன். லைற் ஒவ்வொரு நாளும் எரியுது. வரத்தான் போறான். வரும்வரைக்கும் வேலையைக் காப்பாத்துவம் எண்டு..."

"லைற்ற எரிக்கிறது நீ இல்லையோ?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் நடிப்பு இல்லை. "நானோ? எனக்கு அந்தக் கேம் விளையாடவே தெரியாது. அது ஸப்வான்தானே?"

நிரோஜினி செருப்பை வாங்கி, ஒரு பழைய பேப்பரில் சுற்றி, றுவைஸின் கையில் கொடுத்தாள். கனமே இல்லை. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஓட்டோவுக்கு வருவதற்குள் அவள் பொலிசுக்குப் போன் அடித்துவிட்டாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகவே பதிலும் சொன்னார். நீர்மட்டம் கூட்டாளி அனுப்பியது என்றால் அது வேலை மோசடி, ஒபிஸ் பார்த்துக்கொள்ளட்டும். செருப்பு கழற்றி வைத்தால் ஆள் கடலில் என்று அர்த்தமில்லை. இன்று காலையும் லைற் எரிந்ததாகத் தாயே சொன்னாவாம். எரிகிற லைற்றை வைத்துக்கொண்டு சுழியோடிகளை இறக்கச் சொல்லிக் கடற்படையிடம் எப்படிக் கேட்பது? "லைற் அவன்ர இல்ல எண்டு காட்டுங்கோ மிஸ். அதுக்குப் பிறகு நான் கேக்கிறன்."

"மூதூருக்கு விடு," என்றாள் நிரோஜினி. "பாங்குக்கு முதல் போக வேணும்."

றுவைஸ் விட்டான். சீனக்குடாத் திருப்பத்தில் இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கடந்தார்கள். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது காற்று ஓட்டோவைப் பிடித்து உலுக்கியது. கீழே தண்ணீர் பச்சையாக, ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது.

"யோசிச்சுப் பார் றுவைஸ். துவக்குக் கேம் விளையாடுற பொடியன் எந்த நேரத்தில விளையாடுவான்?"

"விடிய விடிய. என்ட தம்பி விடியக்காலப் பஜ்ருக்கு எழும்புறவன் இல்ல, பஜ்ருக்குத்தான் படுக்கிறவன்."

"இந்த லைற் மூண்டு நேரம் எரியுது. விடிய, பகல், இரவு. ஒரு மனுசிக்குச் சாப்பாடு வைக்கிற நேரம். இன்சுலின் ஊசி போட்டா உடன சாப்பிட வேண்டிய ஒரு மனுசிக்கு." அவள் சற்று நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில, மூதூரில வீட்டில ஆர் இருப்பினம்?"

"ஆம்பிளையள் ஒருத்தரும் இருக்க மாட்டாங்கள். பொம்பிளையள்தான்..." என்று தொடங்கிய றுவைஸ் பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ண் அடித்து ஏசிக்கொண்டு முந்திப் போனான்.

வீட்டு முன்கூடத்தில் ஆமினா உம்மா பாயில் இருந்தாள். முன்னால் மூடி வைத்த சோற்றுக் கோப்பை. தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்த போன். பக்கத்தில் ஊசியும் பஞ்சும். "வாங்க தங்கச்சி, வாங்க! கண்டீங்களா அவன?" என்றாள்.

"ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு வாறன் உம்மா," என்று நிரோஜினி நேரே குசினிக்குள் போனாள். றுவைஸ் பின்னால் போய் வாசற்படியில் நின்றான்.

ரிஸ்லா அடுப்படியில் நின்றாள். ஸப்வானின் தங்கை, அண்ணனை 'நானா' என்று கூப்பிடுபவள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருப்பவள். இவர்களைக் கண்டதும் கையிலிருந்த போனை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததுபோல் வெளியே எடுத்தாள்.

"சத்தம் போடாதீங்க அன்ரி. உம்மாக்குக் கேட்டுடும்."

"பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமோ?"

"நானா எனக்குத்தான் முதல்ல சொல்லித் தந்த. நான் நல்லா வெளயாடுவன்." அந்தக் கடைசிச் சொற்களில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்து, உடனே வெட்கப்பட்டது. "செவ்வாய் ராவு நானா பச்சையில வரல்ல. உம்மா ஊசியப் போட்டுட்டா. அவன் வரட்டும், திங்கிறன் எண்டு இருந்தா. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தன். நடுச்சாமத்தில கை கால் நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, என்னையே ஆர் எண்டு கேட்டா. சீனியக் கரைச்சு வாயில ஊத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டு போன. சீனி லெவல் அந்தளவுக்கு இறங்கிப் போயிருந்த. இன்னொருக்கா இப்பிடி இறங்கினா எழும்ப மாட்டா எண்டு டொக்டர் ஏசின. விடியக்குள்ள வீட்டுக்கு வந்து நான் லைற்றப் போட்டன். உடன திண்டா. அதுக்குப் பொறகு விட ஏலாமப் போச்சு."

"ஜும்ஆ நேரத்திலயும்?"

ரிஸ்லா கையால் வாயைப் பொத்தினாள். "அது எனக்கு மூளையில ஓடவே இல்ல அன்ரி."

நிரோஜினி அவளுக்கு அருகே போனாள். "லைற் எரியுறதாலதான் பொலிஸ் தேடேல்ல. அது தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ?" றுவைஸ் தன்னையறியாமல் கேட்டான்.

"ஏன் தேடணும்?" ரிஸ்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. "நானா கோவத்தில இரிக்கான், அவ்வளவுதானே. புதன் விடிய லைற்றப் போட முதல் நான் ஒபிஸ் சேருக்குப் போன் எடுத்துக் கேட்டன். செவ்வாய் பின்னேரமும் லெவல் வந்திரிக்கு எண்டு சேர் சொன்ன. அதுக்குப் பொறகு ஒரு நாளும் தவறல்ல, உம்மா ஒவ்வொரு நாளும் ஒபிசுக்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லுற. நானா உயிரோட இரிக்கிறது தெரிஞ்சபடியாத்தானே நான் துணிஞ்சு பொய் சொன்ன! இல்லாட்டி சொல்லுவனா?"

றுவைஸுக்கு இப்போதுதான் கணக்கு விளங்கியது. அங்கே மரத்துறையில் ஒருவன், லைற் எரிகிறது என்று நம்பி லெவல் அனுப்புகிறான். இங்கே அடுப்படியில் ஒருத்தி, லெவல் வருகிறது என்று நம்பி லைற்றை எரிக்கிறாள். ஒருவருடைய பொய் மற்றவருக்கு அத்தாட்சி. நடுவில் அந்தத் தாய், இந்தச் செய்தியை அங்கேயும் அந்தச் செய்தியை இங்கேயும் சந்தோசமாகக் கொண்டு சேர்த்திருக்கிறாள். நடுவில் ஸப்வான் எங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்தே இல்லை.

ரிஸ்லா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிரோஜினியின் முகத்தை. "லெவல் நானாதானே அனுப்புற?"

நிரோஜினி அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் போனோடு சேர்த்துப் பிடித்தாள். அவ்வளவுதான்.

"ரிஸ்லா!" கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஊசியப் போட்டுட்டன். இன்னும் லைற்றக் காணல்ல. அவன் வரட்டும், பொறகு திங்கிறன்."

"என்ன செய்ய அன்ரி?" ரிஸ்லா கட்டைவிரலைப் போனின் மேல் கொண்டுபோனாள். "போடவா? விடவா?"

பொலிஸ்காரர் கேட்ட அத்தாட்சி இதோ கையில் இருக்கிறது. லைற்றை நிறுத்தினால் கடலில் இறங்குவார்கள். நிறுத்தினால் அந்த மனுசி சாப்பிட மாட்டாள், ஊசி உள்ளே போய்விட்டது. நிரோஜினி கூடத்தை எட்டிப் பார்த்தாள்; சோற்றுக் கோப்பை இன்னும் மூடியே இருந்தது.

"போடு," என்றாள் கடைசியில். "சாப்பிட்டு முடியட்டும்."

ரிஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை அழுத்தினாள். கூடத்திலிருந்து உடனே சத்தம் வந்தது. "ஆ, வந்துட்டான்! பிஸ்மில்லாஹ்." கோப்பையின் மூடி நகரும் ஓசை கேட்டது.

நிரோஜினி கொல்லைப்புற வாசலில் நின்று பொலிசுக்கு அடித்தாள். "லைற் அவர்ர இல்ல. தங்கச்சி எரிக்கிறா. நான் இப்ப பக்கத்தில நிக்கிறன்," என்றாள். இடம் எது என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள். அவள் சொன்னாள். எப்போதிருந்து என்று கேட்டார்கள். அதையும் சொன்னாள். இனிமேல் அவசரப்படுத்தி என்ன என்பதுபோல் அந்தக் குரலும் தாழ்ந்துவிட்டது.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது.

கூடத்தில் ஆமினா உம்மா சோற்றை முடித்துக் கோப்பையிலேயே கையைக் கழுவியிருந்தாள். தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு போனைப் பார்த்துக் குனிந்தாள். "எழும்பு மகன். பாங்கு சொல்லுது. வெளயாட்ட வெச்சிட்டுப் போ," என்று கெஞ்சினாள். திரையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

குசினி வாசலில் நின்ற நிரோஜினி, ரிஸ்லாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு. ரிஸ்லாவின் விரல் அசைந்தது.

பச்சை அணைந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஆமினா உம்மா இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டாள். "போயிட்டான். பாத்தீங்களா தங்கச்சி, பாங்கோட போயிட்டான்." அவள் கண் நிறைந்திருந்தது. சட்டென்று ஏதோ பிடிபட்டதுபோல் நிமிர்ந்தாள். "நீங்க சொல்லியிருக்கீங்க! நான் சொல்லச் சொன்னதச் சொல்லியிருக்கீங்க. அப்ப அவனக் கண்டுட்டீங்க. என்ன, கண்டுட்டீங்கதானே?"

நிரோஜினி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். சொல்ல வந்தவள்தான். சொற்களுக்குப் பதிலாக, அந்தக் கையின் ஈரத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"நீ என்ன மகன் பாத்துக்கிட்டு நிக்கிறாய்?" கிழவி றுவைஸின் பக்கம் திரும்பினாள். சந்தோசத்தில் அவள் குரல் இளமையாகிவிட்டிருந்தது. "அவன் போயிட்டான். நீயும் போ. பிந்தாத."

றுவைஸ் வெளியே வந்தான். ஓட்டோவின் சீற்றில் அந்தப் பேப்பர்ச் சுற்று அவன் வைத்தபடியே இருந்தது. அதை அங்கே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். தெருவின் ஆண்களெல்லாம் உள்ளே போய்விட்டிருந்தார்கள். பள்ளிவாசல் படியில் அவர்களுடைய செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தொழுகை முடிந்ததும் ஒவ்வொருவரும் வந்து தன் சோடியைக் காலால் துழாவி எடுப்பார்கள். தன்னுடையதை அந்தக் குவியலில் கழற்றிவிட்டு, கக்கத்திலிருந்த மற்றச் சோடியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவன் படியில் நின்றுகொண்டிருந்தான்.